பின்னிட்டாங்க!

ஒரு பாட்டு மனசை அள்ளிக்கொண்டு போனால் என்ன சொல்கிறோம்? 'ராஜா பின்னிட்டாருய்யா!' என்கிறோம். 'பராசக்தி' கோர்ட் சீனா? 'சிவாஜி பின்னி எடுத்துட்டாரு!' செஞ்சுரி போட்டால் பின்னல். பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கினால் பின்னல். பிளஸ் டூ கணக்கில் சென்டம் வாங்கிய பிள்ளையும் 'பின்னிட்டான்'தான். ஒருத்தர் திறமைக்குத் தமிழ்நாட்டில் கொடுக்கிற ஆகப் பெரிய சர்டிஃபிகேட் அந்த ஒற்றை வார்த்தை.

நிஜமாகவே உட்கார்ந்து பின்னுகிறவர்கள் இருக்கிறார்களே... அவர்களுக்கு மட்டும் இந்த சர்டிஃபிகேட்டை யாரும் கொடுப்பதில்லை. இந்த வாரம் அந்தப் பஞ்சாயத்துதான்.

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் நெல்லிக்குப்பம். அங்கே ஏதாவது ஒரு தெருவில் நாலு வீடு ஏறி இறங்கிப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் தலையில் குரோஷா துணி. வாசல்படியில் குரோஷா தோரணம். சீர்வரிசைத் தட்டை மூடுவதற்கென்றே பத்திரமாக மடித்து வைத்த வட்டத் துணி. ஆணியில் தொங்கும் வயர் கூடை. (வயர் கூடையில் 'நெல்லிக்காய் முடிச்சு' என்றே ஒரு ரகம் உண்டு. ஊர்ப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருக்கிறது.)

"யாரும்மா போட்டது?" என்று கேளுங்கள். எந்த வீட்டிலும் பதில் ஒன்றுதான்.

"நான்தாங்க. சும்மா இருக்கற நேரத்துல போட்டது."

சும்மா!

விடியற்காலம் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, மதியம் ரெண்டு மணிக்கு மேல் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கொக்கி ஊசியைக் கையில் எடுக்கிற அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர், 'சும்மா'.

இதே ஊரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நெல்லிக்குப்பம் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை. அதன் வரலாறு 1842-ல் ஆரம்பிக்கிறது. அங்கே எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. கரும்பு லாரி எடை மேடையில் ஏறினால் டன்னும் கிலோவும் ரசீதில் விழும். வெட்டுக்கூலி டன்னுக்கு இவ்வளவு. சர்க்கரைக் கட்டுமானம் இத்தனை சதவிகிதம், புள்ளிக்குப் பிறகு ரெண்டு தானம் வரைக்கும்! ஆலை வாசலில் கரும்பின் தோகைக்குக்கூடக் கழிவு போட்டுத்தான் கணக்கு முடிப்பார்கள். பக்கத்துத் தெருவில் நூலோடு உட்கார்ந்திருப்பவருக்கு எடை மேடை கிடையாது.

நான் பி.காம். இந்த மாதிரி சமாசாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. சாப்பாட்டு மேஜைக்கு ஒரு குரோஷா விரிப்பு. தினம் இரண்டு மணி நேரம், மூன்று மாதம் என்று வையுங்கள். 180 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு நாள் என்று வைத்தால் இருபத்திரண்டரை நாள். 2024-25-ல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். பெருக்கினால் 7,177 ரூபாய் 50 காசு. நூல் தனி. இது அரசாங்கம் மண் வெட்டுவதற்குக் கொடுத்த கூலிதான். கைத்திறனுக்கென்று ஒரு பைசா சேர்க்கவில்லை. அந்த விரிப்பை யாராவது விலைக்குக் கேட்டால் அந்த அம்மா என்ன சொல்வார்? "நூல் காசு குடுங்க, போதும்."

சரி, இதில் கலை எங்கே வந்தது, அரசியல் எங்கே வந்தது என்கிறீர்களா? அதற்குக் கொஞ்சம் டென்மார்க் வரைக்கும் போய் வரவேண்டும்.

2006 ஏப்ரல். கோபன்ஹேகன் நகரில் நிக்கோலாய் கலைக்கூடத்துக்கு எதிரே ஒரு ராணுவ டாங்கி நின்றது. இரண்டாம் உலகப் போர் காலத்து எம்-24 ரகம். நிஜ டாங்கி. அதற்குத் தலையிலிருந்து சக்கரம் வரை ரோஸ் கலரில் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள்! பீரங்கிக் குழாய்க்கும் உறை. மரியான் யோர்கென்சன் என்ற பெண் கலைஞரின் வேலை. இராக் போரில் டென்மார்க்கும் ராணுவத்தை அனுப்பியிருந்த நேரம் அது. அதற்கு எதிர்ப்பு தெரிவிக்கத்தான் இந்த ஸ்வெட்டர். பதினைந்து சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள், நாலாயிரத்துக்கும் மேல். பல நாடுகளிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் பின்னி அனுப்ப, எல்லாவற்றையும் இணைத்து டாங்கிக்கு மாட்டினார்கள்.

போட்டோவைப் பார்த்தவுடன் சிரிப்பு வரும். அடுத்த நொடி ஒரு சங்கடம் வரும். டாங்கி குழந்தை மாதிரி ஆகிவிட்டது. ஆணின் ஆயுதத்துக்குப் பாட்டியின் ஸ்வெட்டர். போர் எதிர்ப்பு போஸ்டர்கள் கத்தும், இது கத்தவில்லை. அது வரைக்கும் சபாஷ். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. ரோஸ் கலர் கொஞ்சம் சுலபமான ஜோக். ஒரு பார்வையில் புரிந்துவிடுகிறது, புரிந்த பிறகு அங்கே நிற்க வேலை இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால்தான் அந்த வேலையின் நிஜமான பலம் தெரிகிறது. ஒரு சதுரம் இறுக்கம், ஒன்று தளர்வு. ஒன்று கைதேர்ந்தவர் போட்டது, அடுத்தது நேற்று ஊசி பிடித்தவர் போட்டது. நாலாயிரம் கைகளின் நடுக்கமும் நிதானமும் அதில் அப்படியே இருக்கிறது. கையெழுத்து இயக்கம் என்கிறோமே, கிட்டத்தட்ட அது. பேனாவுக்குப் பதில் ஊசி.

எனக்கு இதைவிடக் காட்டமாகத் தெரிவது, அதற்கு இருபது வருஷம் முந்தின ஜெர்மன் சரக்கு. ரோஸ்மேரி ட்ரோக்கல் என்ற பெண் கலைஞர் 1980-களின் நடுவில் கம்பளியில் பின்னிய துணியை ஆயில் பெயின்டிங் மாதிரி சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுவரில் மாட்டினார். அதில் என்ன டிசைன்? பூவா, மயிலா? ம்ஹூம். ஒன்றில் அரிவாள் சுத்தியல். ஒன்றில் 'ப்ளேபாய்' பத்திரிகையின் முயல் முத்திரை. ஒன்றில் கம்பளிக்குத் தரச்சான்று தரும் 'உல்மார்க்' முத்திரை. புடவையில் மாங்காய் டிசைன் வருவது மாதிரி இவை வரிசை வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அத்தனையும் மெஷின் பின்னல். அங்கேதான் அவர் கெட்டிக்காரர். 'பாவம், கண்ணைக் கெடுத்துக்கொண்டு கையால் போட்டிருக்கிறாள்' என்று நாம் காட்டுகிற அந்த அனுதாபத்தையும் பிடுங்கிவிட்டார். இப்போது சொல்லுங்கள், இதைக் கலை இல்லை என்று ஒதுக்கத் தோன்றுகிறதா? தோன்றினால், எதனால்? கம்பளி என்பதாலா, பெண்கள் சமாசாரம் என்பதாலா? அந்தப் படங்கள் சுவரில் தொங்கிக்கொண்டு நம்மைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இதுதான். 1999 வெனிஸ் பினாலேயில் ஜெர்மனியின் சார்பில் போனவர் அவர்.

பின்னுகிற பெண்ணை யாரும் கவனிப்பதில்லை என்பதை வைத்தே ஒரு நாவலாசிரியர் பயமுறுத்தியிருக்கிறார். சார்லஸ் டிக்கன்ஸ். 1859-ல் வெளிவந்த 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்'. அதில் மதாம் டிஃபார்ஜ் என்று ஒரு சாராயக்கடைக்காரி. எப்போதும் கையில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பார். அவர் பின்னுவது ஸ்வெட்டர் இல்லை. புரட்சி வந்ததும் யார் யார் தலை போகவேண்டும் என்கிற பட்டியல்! சங்கேதத்தில், கண்ணி கண்ணியாக. கடைக்கு வருகிற உளவாளிக்கு அதைப் படிக்கத் தெரியாது. பொம்பளை சும்மா உட்கார்ந்து பின்னுகிறாள்... அவ்வளவுதானே!

இது கதை. அதே 1859-ல் நம் தெற்குக் கோடியில் நடந்தது கதை இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அந்த வருஷம் ஜூலையில் அரசாணை வந்தது. அதற்கு முன்னால் பல பத்தாண்டுகள் அடி, உதை, தீவைப்பு. தோள்சீலைக் கலகம் என்று படித்திருப்பீர்கள். ஒரு முழத் துணி தோளில் ஏறுவதற்கு அவ்வளவு பெரிய யுத்தம்.

அந்தக் காலத்தில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். 1819-ல் கணவரோடு அங்கே வந்தவர். எழுத்துப் படிப்போடு லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள் என்று மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் சட்டப்படி அடிமை முறை ஒழிந்தது 1855-ல்தான். அரசாங்கம் அசைவதற்கு முன்னாலேயே நூலைப் பிடித்து மேலே ஏறி வந்தவர்கள் அவர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த லேஸ் போய் உட்கார்ந்தது வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துப் பட்டையிலும் கைமடிப்பிலும். தன் தோளில் துணி போட உரிமை இல்லாத ஊரில் உட்கார்ந்து, இன்னொருத்தி கழுத்துக்கு அலங்காரம் பின்னியிருக்கிறாள் ஒரு பெண். பின்னலில் அரசியல் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் நான் டென்மார்க் டாங்கியைக் காட்டமாட்டேன். இந்த லேஸைத்தான் காட்டுவேன். ஒரு கோஷம் இல்லை, ஒரு முத்திரை இல்லை. வெறும் பூ வேலை. அரசியல் அத்தனையும் அதைப் போட்ட கைக்கும் அணிந்த கழுத்துக்கும் நடுவிலிருந்த தூரத்தில்.

நூலில் அரசியல் இருக்கிறது என்று நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. 1921 செப்டம்பர் 22-ம் தேதி காந்தி மதுரையில்தானே சட்டையைக் கழற்றி வைத்தார்! ராட்டைக்குக் காங்கிரஸ் கொடியிலேயே இடம் கிடைத்தது. ராட்டை பொதுக்கூட்ட மேடைக்கு வந்தது, தலைவர்கள் உட்கார்ந்து சுற்றினார்கள், போட்டோ எடுத்தார்கள். குரோஷா ஊசிக்கு அந்த யோகம் அடிக்கவில்லை. அதைத் தலைவர்கள் யாரும் கையில் எடுக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது.

வீட்டுக்குள்ளே இருந்தால் என்ன ஆகும்? ஆந்திராவில் கோதாவரிக் கரையோரம் நர்சாபூர் என்று ஒரு ஊர். சுற்றுவட்டாரம் பூராவும் பெண்கள் குரோஷா லேஸ் போடுகிறார்கள். அங்கேயும் மிஷனரிகள் கொண்டுவந்த தொழில்தான். மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அந்த ஊர்களில் தங்கி ஆராய்ந்து 1982-ல் ஒரு புத்தகம் போட்டார். 'த லேஸ் மேக்கர்ஸ் ஆஃப் நர்சாபூர்'. லேஸ் ஏற்றுமதியாகிறது, டாலரும் மார்க்கும் வருகிறது, வியாபாரிகளான ஆண்கள் வசதியாகிறார்கள். பின்னுகிற பெண்ணுக்குக் கிடைப்பது வயல் கூலிக்கும் கீழே. காரணம் என்ன தெரியுமா? அவர் 'தொழிலாளி' இல்லையாம். குடும்பப் பெண். ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகப் போடுகிறாராம்! நெல்லிக்குப்பத்து அம்மா அடக்கமாகச் சொல்கிற 'சும்மா'வை, அங்கே கூலியைக் குறைக்கிற கத்திரிக்கோலாக வைத்திருந்தார்கள். 2024-ல் நர்சாபூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கு மரியாதை வந்தது, சந்தோஷம். ஆளுக்கு எப்போது வரும்?

இதில் ஒரு தொழில்நுட்ப விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டு ஊசி வைத்துப் பின்னுவது நிட்டிங், ஸ்வெட்டர் ரகம். அதற்கு மெஷின் வந்து நானூறு வருஷம் தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் மெஷினைச் செய்தது 1589-ல். நம் திருப்பூர் பனியன் எல்லாம் அந்த வம்சம். ஒரே கொக்கி ஊசியில் போடுவது குரோஷா. அசல் குரோஷாவைப் போடுகிற மெஷின் இன்றைக்கு வரைக்கும் ஆலைகளில் புழக்கத்துக்கு வரவில்லை! பெரிய ஷோரூமில் நானூறு ரூபாய்க்குத் தொங்குகிற குரோஷா டாப்ஸ், அசல் குரோஷாவாக இருந்தால், எங்கோ யாரோ விரல் வலிக்க உட்கார்ந்து போட்டதுதான். அந்த நானூறில் கடைக்கு, கம்பெனிக்கு, கப்பலுக்கு எல்லாம் போக அவருக்கு எவ்வளவு என்று நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர் என்றதும் இன்னொன்று. 1984-ல் அங்கே தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாலு மாசத்துக்கு மேல்! எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டுப் பின்னலின் மிகப் பெரிய அரசியல் அறிக்கை அதுதான். பின்னாமல் இருந்தது.

இப்போது சென்னைக்கு வருவோம். நான் இத்தனை சுற்றி வளைத்ததே இதற்காகத்தான்.

2016 ஜனவரி 31. 'மதர் இண்டியாஸ் க்ரோஷே குவீன்ஸ்' என்ற பெண்கள் குழு உலகத்தின் மிகப் பெரிய குரோஷா போர்வையைச் சென்னையில் விரித்துக் கின்னஸ் சாதனை செய்தது. குழுவை ஆரம்பித்தவர் சென்னையைச் சேர்ந்த சுபஸ்ரீ நடராஜன். நம் நாட்டிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பெண்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து துண்டு துண்டாகப் போட்டு அனுப்பியது. எல்லாவற்றையும் சேர்த்தால் 11,148.5 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் ஐம்பது கிரவுண்டு. நெல்லிக்குப்பத்துக் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர். ஒரு கரும்புத் தோட்டம் அளவுக்கு, மெஷின் தொடாத, கையால் போட்ட பின்னல்!

பேப்பர்களில் வந்தது. டி.வி-யில் வந்தது. எப்படி வந்தது? 'இல்லத்தரசிகள் கின்னஸ் சாதனை.' அதிக நேரம் நகம் வளர்த்தவர், அதிக இட்லி சாப்பிட்டவர் வரிசையில், ஒரு பெட்டிச் செய்தி. கலைப் பக்கத்தில் வந்ததா? ஒரு விமர்சகர் ஒரு பத்தி எழுதினாரா? எவ்வளவு பெரிசு என்பதோடு எல்லோரும் முடித்துக்கொண்டார்கள். என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். 2016 ஜனவரி. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் பெருவெள்ளம். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் மூழ்கியது. பண்ருட்டிப் பக்கம் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் தண்ணீர் வீடுகளோடு மனிதர்களையும் அடித்துக்கொண்டு போனது. டிசம்பரில் சென்னை. பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தவர்கள் கை நீட்டிக் கேட்ட முதல் சாமான்களில் ஒன்று, போர்வை. லாரியில் போர்வை வந்தால் தள்ளுமுள்ளு. அந்த ஈரம் காயும் முன்னால் அதே சென்னையில், பெண்கள் கையால் பின்னிய ஐம்பது கிரவுண்டு போர்வை தரையில் விரிகிறது!

வெள்ளத்தை நினைத்து அவர்கள் ஆரம்பிக்கவில்லைதான். வேலை அதற்கு முன்னமே தொடங்கிவிட்டது. இருக்கட்டுமே! செய்தவர் நினைத்தது மட்டும்தான் ஒரு படைப்பின் அர்த்தம் என்றால், நாம் எந்தப் படத்துக்கும் விமர்சனம் எழுத முடியாது. பார்க்கிறவன் எந்தக் காலத்தில் நின்று பார்க்கிறான் என்பதும் சேர்ந்ததுதானே? இதையே லண்டனிலிருந்து ஒரு பிரபல கலைஞர் வந்து, இதே ஊரில், இதே மாதத்தில் விரித்து, 'வெள்ளத்துக்குப் பின்' என்று ஒரு தலைப்பும் ஒட்டியிருந்தால்? இன்ஸ்டலேஷன் என்றிருப்போம். கேட்டலாக் போட்டிருப்பார்கள். வீடு என்றால் என்ன, கதகதப்பு என்றால் என்ன, அரசாங்கம் செய்யவேண்டியதைப் பெண்கள் ஏன் செய்கிறார்கள் என்றெல்லாம் ஆறு பக்கத்துக்குக் கட்டுரை வந்திருக்கும். தப்பில்லை. அத்தனையும் அந்தப் போர்வையில் இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. மதாம் டிஃபார்ஜ் கடையில் உட்கார்ந்திருந்த அந்த உளவாளி மாதிரி, நாமும் பார்த்துவிட்டுப் போய்விட்டோம்.

விமர்சனம் என்றால் குறையும் சொல்லவேண்டும். சொல்கிறேன். போட்டோவில் பார்த்தால் நிறங்கள் கூட்டம் கூட்டமாக முட்டிக்கொள்கின்றன. எந்தத் துண்டு எதன் பக்கத்தில் போகவேண்டும் என்று யோசிக்க ஒரு கண் இருந்திருந்தால் இன்னும் எங்கேயோ போயிருக்கும். கின்னஸ்காரரின் டேப்புக்குக் கலர் தெரியாது, நீள அகலம்தான் தெரியும். நடுவர் யாரோ அவருக்குப் பிடித்த மாதிரிதான் வேலை அமையும். நம் பெண்களுக்குக் கின்னஸ்காரர் ஒருவர்தான் நடுவராகக் கிடைத்தார். வேறு யார் வந்தோம்? அடுத்தடுத்து அவர்கள் நீளமான ஸ்கார்ஃப், பொம்மைகள் என்று சாதனை மேல் சாதனையாகப் போனார்கள். அவர்களைக் குறை சொல்வதைவிட, அளவெடுக்கிறவரைத் தவிர வேறு யாரும் அவர்கள் வாசலுக்குப் போகவில்லையே என்பதைத்தான் சொல்லவேண்டும்.

இதே கொக்கி ஊசி வெளியே என்ன பாடுபடுகிறது பாருங்கள். மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டீன் வெர்தைம் என்று இரட்டைச் சகோதரிகள். ஆஸ்திரேலியாவில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் இருப்பவர்கள். கடல் சூடாகிப் பவளப் பாறைகள் செத்துக்கொண்டிருப்பதைக் கண்டு, 2005-ல் குரோஷாவில் பவளப் பாறை பின்ன ஆரம்பித்தார்கள். பவளத்தின் நெளிவு சுளிவு கணிதத்தில் ஒரு சிக்கலான வளைபரப்பு. அதைக் குரோஷாவில் போட்டுக் காட்டலாம் என்று 1997-லேயே டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியை நிரூபித்திருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் கணக்காகக் கண்ணியைக் கூட்டிக்கொண்டே போனால் துணி தானாகச் சுருண்டு நெளியும். (நம் ஊர்த் தோரணத்தின் சுருக்கு ஓரமும் அதே கணக்குதான். தியரம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.) ஊர் ஊராகப் பெண்கள் சேர்ந்தார்கள், ஆயிரக்கணக்கில். 2019 வெனிஸ் பினாலே வரைக்கும் போய்விட்டது. அதில் எனக்குப் பிடித்தது, பின்னியவர்கள் பெயரையெல்லாம் போடுகிறார்கள்.

நம் கலை உலகத்துக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியது. ஓவியம் விற்காத காலத்தில் அந்தக் கலைஞர்களுக்குச் சோறு போட்டது எது? பாத்திக் துணியும் மற்ற கைவேலைகளும்தான். துணி விற்ற காசில் கேன்வாஸ் வாங்கினார்கள். கேன்வாஸ் கலையாயிற்று. துணி? எழும்பூர் பக்கம் 1850-ல் தொடங்கிய ஓவியப் பள்ளி இருக்கிறதே, அதன் பெயரில் ரொம்ப காலம் 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' என்று இரண்டும் கைகோத்து இருந்தன. பிற்பாடு 'ஃபைன் ஆர்ட்ஸ்' ஆயிற்று, கவின் கலை. கிராஃப்ட்டைப் போர்டிலிருந்தே எடுத்தாயிற்று.

மும்பையில் 1949-ல் பிறந்த மிருணாளினி முகர்ஜி என்ற சிற்பி, தறியும் ஊசியும் இல்லாமல், சாயம் போட்ட நார்க்கயிற்றை வெறும் கையால் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு ஆள் உயரச் சிற்பங்கள் செய்தார். வனதேவதை மாதிரி, பூ மாதிரி, கொஞ்சம் பயமுறுத்துகிற மாதிரி இருக்கும். ஒரு சிற்பத்துக்கே மாதக்கணக்கில் ஆகும். 'இது சிற்பமா, கைவினையா?' என்ற கேள்வி அவரை வாழ்நாள் பூராவும் துரத்தியது. டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடம் அவருடைய வாழ்நாள் வேலைகளையெல்லாம் திரட்டிப் பெரிய கண்காட்சி வைத்தது 2015 ஜனவரி கடைசியில். பிப்ரவரி 2-ம் தேதி அவர் போய்விட்டார். நியூயார்க்கின் மெட் ப்ரூயரில் கண்காட்சி வைத்து உலகமே வாய் பிளந்தது 2019-ல். ஓவியக் கல்லூரியில் படித்து, கலைஞர் குடும்பத்தில் பிறந்து, தலைநகரில் இருந்தவருக்கே அவ்வளவு காலம் பிடித்தது.

சென்னையில் விரித்த போர்வை இன்று இல்லை. சாதனை முடிந்ததும் துண்டு துண்டாகப் பிரித்து இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவது என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே அவர்கள் திட்டம். டென்மார்க் டாங்கி வேடிக்கை காட்டிவிட்டுப் போனது; இது யாரையோ போர்த்திவிட்டது. எனக்கு அந்த முடிவு டாங்கியைவிடப் பிடித்திருக்கிறது. ஆனாலும் ஒரு ஆசை. அதே கைகளில் இப்போது போட்டுக்கொண்டிருப்பதில் நாலு துண்டை எழும்பூர் மியூசியம் விலை கொடுத்து வாங்கிக் கண்ணாடிக்குள் மாட்டவேண்டும். "நூல் காசு போதும்" என்பார்கள், ஒத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்டு எழுதி, அதற்குக் கொடுக்கவேண்டும். மியூசியம் ரிஜிஸ்டரில் பொருளின் பெயர், அளவு, காலம் என்று வரிசையாக இருக்கும். அதில் 'கலைஞர் பெயர்' என்றும் ஒரு கட்டம் இருக்குமே! அதை நிரப்பவேண்டி வருமே என்பதற்காகத்தான் கேட்கிறேன்.